பெஞ்சில் கிடந்த ஹெல்மெட்

கேன்டீன் பெஞ்சின் ஓரத்தில் அந்த மஞ்சள் ஹெல்மெட் நேற்று வைத்த இடத்திலேயே கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை. தட்டோடு வந்தவர்கள் சுவரோரமாக நின்று சாப்பிட்டார்களே தவிர, அந்தப் பெஞ்சில் ஒருவரும் உட்காரவில்லை.

டார்ச் வாசலிலேயே நின்றுவிட்டாள். கால் உள்ளே வர மாட்டேன் என்றது.

வீட்டில் வைத்த பெயரைச் சொல்லி அவளை யாரும் கூப்பிடுவதில்லை. துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் சினிமாக் கொட்டகையில் இருட்டில் டார்ச் அடித்து சீட் காட்டிக்கொண்டிருந்தவள். பெயர் ஒட்டிக்கொண்டது. டார்ச்சும் இன்னும் கைப்பையில்தான் இருக்கிறது. அவளுடைய உதவியாளன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, காசில்லாதவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனதற்காக வேலை போனவன். வேலை போயும் பெயர் போகவில்லை, கண்டக்டர்தான். 'ரெண்டு பேருமே டிக்கெட் கிழிச்சவங்க, அதான் ஒத்துப்போகுது' என்பான்.

"உள்ள போலாமாக்கா? ஒரு டீ?"

"எனக்கு இங்க யாருடா டீ குடுப்பா?"

"குடுப்பாங்கக்கா. கையிலயா மூஞ்சியிலயாங்கறதுதான் தெரியல."

மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

அது எரிவாயு மின் நிலையம். வாயுவை எரித்து ஒரு டர்பைன் சுழலும். அது விடுகிற அனல் மூச்சை வீணாக்காமல் பிடித்துத் தண்ணீரைக் கொதிக்க வைப்பார்கள். அந்த நீராவியில் இரண்டாவது டர்பைன் சுழலும். வந்த அன்று இதை விளக்கியபோது, "புரிஞ்சுது, ஒரே டிக்கெட்டுல ரெண்டு பஸ்ஸு" என்றான் கண்டக்டர். நிலையத்தில் பாதி ஒரு பெரிய கம்பெனிக்குச் சொந்தம். மறுபாதி அங்கே வேலை செய்கிற தொழிலாளர்களுக்கு. பழைய முதலாளி நொடித்துப்போனபோது, கொடுக்காத சம்பளத்துக்குப் பதிலாக அவர்கள் பேரில் எழுதிவைத்துவிட்டுப் போன பாதி அது. இப்போது முகம் தெரியாத ஏதோ ஒரு கம்பெனி அந்தத் தொழிலாளர் பாதியை விலைக்குக் கேட்கிறது. கேட்க ஆரம்பித்ததிலிருந்து, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த நிலையம் திடீர் திடீரென்று வாயு அழுத்தம் விழுந்து நின்றது. ஒவ்வொரு முறை நின்றபோதும் பயந்தவர்களின் எண்ணிக்கை கூடியது, பங்கு விலை இறங்கியது. கண்டுபிடியுங்கள் என்று சங்கத் தலைவர்தான் டார்ச்சை அழைத்து வந்தார்.

டார்ச் கண்டுபிடித்தாள். நிலையம் நின்றபோதெல்லாம் வாயுக் குழாயின் வால்வுப் பக்கத்தில் நின்றிருந்தது ஒரே ஆள்: வால்வுக்காரர். நேற்று மதியம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அதைச் சொன்னாள். வருஷக்கணக்காக டர்பைன் இரைச்சலில் கிடப்பவர்கள் அவர்கள். யாருக்கும் மெதுவாகப் பேச வராது. 'உப்பை இப்படித் தள்ளு' என்பதையே ஊரைக் கூட்டுகிற மாதிரிதான் சொல்வார்கள். அவர்களுக்குக் கேட்க வேண்டுமே என்று டார்ச் பெஞ்சின்மேல் ஏறி நின்று, விரலை நீட்டி, தொண்டை கிழியக் கத்தினாள்.

வால்வுக்காரர் கையைக் கழுவினார். ஹெல்மெட்டைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தார். நடந்தார். கேட்டில் காவலாளி அவர் பையைத் துழாவி, டிபன் டப்பாவையும் திறந்து பார்த்தான்.

அந்த இடத்தில்தான் டார்ச்சுக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அவள் அப்பா குடோனில் மூட்டை தூக்கியவர். ஏதோ காணாமல் போனதென்று ஒருநாள் கேட்டில் நிறுத்தி, அவள் கொண்டுபோயிருந்த சாப்பாட்டுக்குள் கையை விட்டுக் கிளறிப் பார்த்தார்கள். அப்பா அன்றைக்கு அதைச் சாப்பிடவில்லை. அவள் பக்கம் திரும்பவும் இல்லை. அந்தக் கையை நேற்று வரை அவள் யாருடைய கையாகவோ நினைத்திருந்தாள்.

"ஆளு குத்தவாளியாவே இருக்கட்டும்டா. தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"இப்ப என்ன பண்றது?"

"தலைவர்கிட்ட சொல்லிட்டுக் கிளம்பிடலாம்."

தலைவரின் அறை அலுவலகக் கட்டடத்தில் மூன்றாம் மாடி. படிக்கட்டு சுற்றிச் சுற்றி ஏற, அதன் நடுவே கம்பிக்கூண்டுக்குள் போய்வருகிற பழைய லிஃப்ட். இழுத்து மூடுகிற இரும்புக் கதவு. ஓட்டுவதற்கு ஓர் அம்மா. கைப்பிடியை அழுத்திப் பிடித்திருந்தால் ஓடும், விட்டால் நின்றுவிடும்.

ஏறியதும் லிஃப்ட்காரம்மா கதவை இழுத்துச் சாத்தினாள். கைப்பிடியைத் தொடவில்லை.

"நேத்து நல்லாப் பேசுனீங்க" என்றாள், முகத்தைத் திருப்பாமல். "நான் தட்டோட வரிசையில நின்னுக்கிட்டிருந்தேன்."

"நீங்க..."

"அவரு சம்சாரம்."

கண்டக்டர் ஓரடி பின்னால் நகர்ந்து கம்பியில் முதுகை ஒட்டிக்கொண்டான்.

லிஃப்ட் புறப்பட்டது. "உங்களைத் திட்டறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மிஷின் நின்னா இங்க கரண்டு போயிடும். ஜெனரேட்டர் போடற வரைக்கும் நான் இந்தக் கூண்டுல இருட்டுல கிடப்பேன். இருட்டுன்னா எனக்கு மூச்சு முட்டும். அழுத்தம் விழுந்தா வால்வுகிட்ட ஓடறது அவரு வேலை. ஓடுவாரு. பார்த்துட்டு, அங்கருந்து நேரா இங்க ஓடிவந்து, படியில நின்னுக்கிட்டு கம்பி வழியா என் விரலைப் புடிச்சுக்குவாரு. அந்த மனுஷனா வாயுவை மூடுவாரு? பொண்டாட்டியக் கூண்டுல போட்டுட்டு?"

தீயை அணைக்க ஓடிவந்தவனைப் பிடித்துத் தீ வைத்தவன் என்று டார்ச் சொல்லியிருக்கிறாள். அதுவும் பெஞ்சில் ஏறி நின்று. பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. பூமிகூட இல்லை காலடியில், ஆடுகிற இரும்புப் பலகைதான்.

"அம்மா... அப்படி நின்னப்ப உங்ககூட வேற யாராவது மாட்டுனாங்களா?"

"முதல் தடவ மட்டும் தலைவரு இருந்தாரு." அதைச் சொல்லிவிட்டு ஏனோ சற்று நிறுத்தினாள். "அப்புறம் இல்ல. முட்டி வலிக்காரரு, எப்பவும் லிஃப்டுலதான் வருவாரு. அந்த நாள்ல எல்லாம் நல்லவேளையா, டாக்டர் நடக்கச் சொன்னாருன்னு படியேறிப் போயிட்டாரு."

"எந்த நாள்ல எல்லாம்?"

"அதான், மிஷின் நின்ன நாள்ல எல்லாம்..."

அவள் கை கைப்பிடியிலிருந்து நழுவியது. லிஃப்ட் குலுங்கி நின்றது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கண்டக்டருக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. "கரண்டு போற நாளாப் பார்த்து நடக்கச் சொல்ற டாக்டர் யாருக்கா? அட்ரஸ் கிடைச்சா நல்லாயிருக்கும்."

"அவரேதானேடா நம்மளக் கூப்பிட்டாரு" என்றாள் டார்ச். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "விசாரிச்சே ஆகணும்னு ஆளுங்க நின்னிருப்பாங்க. அவருக்குத் தேவை ஒரு ஆளு. நான் ஒரு ஆளக் குடுத்துட்டேன்."

"சரிக்கா. ஆனா படியேறுனதுக்காக யாரையும் உள்ள தள்ள முடியாதே."

"இன்னிக்கு மேல கூட்டம் ஏதாவது இருக்கா?" என்றாள் டார்ச்.

லிஃப்ட்காரம்மா சொன்னாள்: "பாதிய விக்கறதா வேண்டாமான்னு கை தூக்கற கூட்டம். நேத்து வரைக்கும் எல்லாரும் வித்துடலாம்னுதான் இருந்தாங்க. எங்க வீட்டுக்காரரை வெளிய அனுப்புனதும், இனிமே மிஷின் நிக்காது, எதுக்கு விக்கணும்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க."

டார்ச் நிமிர்ந்தாள். "அப்ப இன்னிக்கு நின்னே ஆகணும். ஆளப் புடிச்சும் நிக்குது, மிஷினே செத்துப்போச்சு, வந்த விலைக்குக் குடுத்துடலாம்னு சொல்ல அவருக்கு வேற வழி இல்ல. இன்னிக்கும் அவரு படியிலதான் ஏறுவாரு."

சொல்லிவிட்டு லிஃப்ட்காரம்மாவைப் பார்த்தாள். பார்க்க முடியாமல் கண்ணைத் தாழ்த்தினாள். "உங்ககிட்ட உதவி கேக்க எனக்கு யோக்கியதை இல்லம்மா."

"இல்லதான்" என்றாள் லிஃப்ட்காரம்மா. "என்ன செய்யணும்?"

டார்ச் சொன்னாள். கேட்கக் கேட்க அந்த அம்மாவின் முகம் வெளிறியது.

"இருட்டு வரும்னு தெரிஞ்சே நிறுத்தணும்?"

"ஆமா."

அந்த அம்மா கைப்பிடியை அழுத்தி லிஃப்டைக் கீழே இறக்கினாள். "செய்யறேன். உங்களுக்காக இல்ல."

கீழே கூட்டத்துக்குப் போகிறவர்கள் திரளத் தொடங்கியிருந்தார்கள். தலைவர் ஊன்றுகோலோடு வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தலை. பார்த்தால் யாருக்கும் எழுந்து நிற்கத் தோன்றும். அவரும் பழைய டர்பைன் ஆள்தான். காது பாதி போனவர், அதனால் பேச்சு இரண்டு மடங்கு.

"கிளம்பறியாம்மா? நல்ல வேலை பண்ணுன!" என்று முழங்கினார்.

அந்த 'நல்ல வேலை' டார்ச்சின் கன்னத்தில் விழுந்தது. "மேல வந்து சொல்லிட்டுப் போறேன் தலைவரே. வாங்க, லிஃப்டுலயே போலாம்."

"நீ போம்மா. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு."

டார்ச் தொழிலாளர்கள் பக்கம் திரும்பினாள். "இந்த முட்டியோட மூணு மாடி ஏறப்போறாராம்! நீங்கல்லாம் பார்த்துக்கிட்டு நிக்கறீங்களே!"

அவ்வளவுதான். பாய்லர் பக்கத்து ஆட்கள் நாலு பேர், தோள் ஒவ்வொன்றும் கதவு அகலம், முன்னால் வந்தார்கள். "அதான! நாங்க இருக்கறப்ப நீங்க ஏன் கஷ்டப்படணும்?" "விடுங்கப்பா... டேய், விடுங்கடா!" அவர் திமிறத் திமிற, சிரித்துக்கொண்டே, குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி தூக்கி லிஃப்டுக்குள் வைத்தார்கள். ஒருவன் குனிந்து அவருடைய செருப்பைச் சரியாக மாட்டிவிட்டான். அந்தப் பாசத்தில் பொய் இல்லை. டார்ச்சுக்கு அதைப் பார்க்கவே கூசியது.

"உள்ள தள்ளி நில்லுங்க, படியில தொங்காதீங்க" என்று கண்டக்டர் கடைசியாக ஏறிக் கதவைச் சாத்தினான்.

லிஃப்ட் ஏறியது. கம்பிக்கூண்டைச் சுற்றிப் படிகளில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். முதல் மாடி தாண்டியது. லிஃப்ட்காரம்மா கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

"ஏன் நின்னுடுச்சு?"

"கை வலிக்குதுங்க."

"எடும்மா, நேரமாச்சு."

"நீங்க போகாம கூட்டம் ஆரம்பிக்குமா தலைவரே?" என்றாள் டார்ச்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கம்பி வழியே மேலே பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை கோத்தது. டார்ச்சுக்கோ உள்ளே வேறு ஒரு பயம். இதுவும் தப்பாக இருந்துவிட்டால்? நிஜமாகவே டாக்டர் சொல்லியிருந்தால்? ஒரு மனிதரைத் தலைகுனிய வைத்தது போதாதென்று இரண்டாவது ஆளையும் கூண்டில் அடைத்து வைத்திருக்கிறாளா?

"எடுன்னு சொல்றேன்ல!"

லிஃப்ட்காரம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

தலைவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். "மாப்பிள்ள? இப்ப வேண்டாம்... கேக்குதா?" கூண்டுக்குள் சிக்னல் கரகரத்தது. டர்பைன் பக்கத்தில் வாழ்நாளெல்லாம் பேசிய குரல் தானாக மேலே ஏறியது. "மாப்ள! நான் லிஃப்டுல இருக்கேன்! வாயுவை மூடாத! வால்வைத் தொடாத! நான் உள்ள மாட்டிக்கிட்டு—"

விளக்கு போனது.

கூடவே அந்த இரைச்சலும் சரிந்தது. இரவு பகலாகக் கட்டடத்தின் சுவரெல்லாம் அதிர்ந்துகொண்டிருந்த சத்தம், யாரோ கீழே இழுத்துக்கொண்ட மாதிரி அடங்கிப்போனது. இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்று எழுப்பிய குரல் மட்டும், தாண்ட ஒன்றும் இல்லாமல், படிக்கட்டு முழுக்கத் தனியாக ஒலித்தது.

"மூடாத மாப்ள!"

படிகளில் ஏறிக்கொண்டிருந்த காலடிகள் நின்றன. இருட்டில் யாரோ கேட்டார்கள்: "மாப்ளன்னா யாரு? வெளிச் சுவருக்கு அந்தப் பக்கம், வாயு வர்ற குழாய் யார்டுல வேலை பார்க்கறானே, தலைவர் மருமகன், அவனா?" இரண்டு மூன்று பேர் தடதடவென்று கீழே இறங்கி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

லிஃப்டுக்குள் ஒரு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. டார்ச் கைப்பையைத் துழாவி விளக்கை அடித்தாள். தலைவரின் முகத்தில் அடிக்கவில்லை. லிஃப்ட்காரம்மாவின் காலடியில் வெளிச்சத்தை விட்டாள். அந்த அம்மா கம்பியை இறுகப் பிடித்திருந்தாள். டார்ச் அவள் விரலைத் தொட்டாள். விரல் விலகிக்கொண்டது.

தலைவர் மூலையில் சரிந்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்கறதாச் சொல்ற கம்பெனி யாரோடது?" என்றாள் டார்ச்.

"என் பொண்ணு பேர்ல." இருட்டைப் பார்த்துப் பேசினார். "முதல் தடவ நின்னது நிஜமாவே கோளாறுதான். அன்னிக்குச் சாயங்காலமே பாதிப்பேரு வித்துட்டுப் போயிடலாம்னாங்க. அப்பதான் புத்தி போச்சு. ஆயுசு பூரா இதுல வெந்திருக்கேன், இதுல ஒரு பாதி எனக்குன்னு இருந்தா என்னன்னு."

"என்னை ஏன் கூப்பிட்டீங்க?"

"நாலஞ்சு பேரைப் பத்தி விசாரிச்சேன். உன்னை அவசரக்காரின்னு சொன்னாங்க. யாரையாவது சீக்கிரம் காட்டிடுவா, ஊருக்கே கேக்கற மாதிரி காட்டுவான்னு."

கண்டக்டர் டார்ச்சின் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தான்.

அப்போது லிஃப்ட்காரம்மா பேசினாள். அந்த நிலையத்தில் மெதுவாகப் பேசுகிற ஒருவரை டார்ச் முதல்முதலாகக் கேட்டது அப்போதுதான். படியில் நிற்பவர்களுக்குக் கேட்காத குரல்.

"முதல் தடவ மாட்டுனப்ப, இதே மூலையில உக்காந்து நீங்க அழுதீங்க. பேன்டெல்லாம் நனைஞ்சு போச்சு. எனக்கே மூச்சு முட்டிக்கிட்டிருந்துச்சு. இருந்தும் எங்க வீட்டுக்காரரு ஓடி வர்றதுக்குள்ள தரையைத் துடைச்சேன். யாருகிட்டயும் சொல்லல. எங்க வீட்டுக்காரர்கிட்ட கூட. உங்க மானம் என்கிட்ட பத்திரமா இருந்துச்சு. அவரோடத கேட்டுல வெச்சுக் கிளற விட்டீங்களே."

தலைவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். டார்ச் வெளிச்சம் அவர் பக்கம் போகாமல் லிஃப்ட்காரம்மாவின் காலடியிலேயே பிடித்துக்கொண்டாள். சில பேர் இருட்டில் இருப்பதே மரியாதை. அந்தச் சில பேரில் தானும் உண்டு என்று அவளுக்குப் பட்டது.

ஜெனரேட்டர் வந்து லிஃப்ட் மேலே போய்ச் சேர்ந்தபோது மூன்றாம் மாடியில் கூட்டமாக நின்றிருந்தார்கள். யாரும் கை ஓங்கவில்லை. அவரைத் தூக்கி வைத்த நாலு பேரும் தங்கள் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள். கை தூக்கும் கூட்டத்தில் விற்கச் சொல்லி ஒரு கைகூட எழவில்லை. குழாய் யார்டிலிருந்து மருமகனைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மாமனாரும் மருமகனும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பெஞ்சில், போலீஸ் வரும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

"கேஸு முடிஞ்சுதுக்கா" என்றான் கண்டக்டர்.

"இல்லடா." டார்ச் லிஃப்டின் கதவருகே போனாள். "அம்மா, நான் உங்க வீட்டுக்கு வந்து அவர்கிட்ட மன்னிப்பு..."

"வீட்டுக்கு வராதீங்க. வீட்டுல வெச்சா நீங்க சொன்னீங்க? எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க. சொன்ன அதே சத்தத்துல."

கேன்டீனுக்கு டார்ச் முன்னால் நடந்தாள். பின்னாலேயே ஒவ்வொருவராக எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். டர்பைன்கள் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. அவள் வந்த நாளிலிருந்து அங்கே அப்படி ஓர் அமைதி இருந்ததில்லை. நேற்றுக் கத்தியதில் பாதி இரைச்சலோடு கலந்து போயிருக்கும். இன்றைக்கு ஒளிந்துகொள்ள ஓர் இரைச்சலும் இல்லை.

லிஃப்ட்காரம்மா ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டாள். கேட்டுக்கு வெளியே ஒருவர் நின்றிருந்தார். காலையில் வேலைக்கு வருகிற நேரத்துக்கே வந்து நின்றவராம். வேறு எங்கே போவதென்று தெரியவில்லையாம்.

டார்ச் பெஞ்சில் ஏறினாள். காலடியில் ஹெல்மெட்.

கண்டக்டர் ஜோக் எதுவும் அடிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பழைய பஸ் விசிலை எடுத்து ஒரே ஒரு தடவை ஊதினான். தலைகளெல்லாம் திரும்பின. கேட்டுக்கு வெளியே நின்றவரும் திரும்பினார்.

"நேத்து இதே பெஞ்சுல நின்னு நான் ஒருத்தரைக் கை நீட்டிச் சொன்னேன்!" டார்ச்சின் குரல் உடைந்தாலும் தாழவில்லை. "மிஷின நிறுத்துனது அவருதான்னு சொன்னேன்! அவரு நிறுத்தல! ஒவ்வொரு தடவையும் காப்பாத்த ஓடுன ஆளு அவரு! விசாரிக்காம சொன்னேன்! சொல்லிட்டு, கேட்டுல அவரு சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்தப்ப தடுக்காம நின்னேன்! தப்பு என்னுது! அவருது இல்ல!"

கேட்டில் காவலாளி தலையைக் குனிந்துகொண்டு தாழ்ப்பாளைத் தள்ளினான். வால்வுக்காரர் உடனே உள்ளே வரவில்லை. திறந்த கேட்டின் முன்னால் அப்படியே நின்றார்.

டார்ச் பெஞ்சிலிருந்து இறங்கினாள். கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று குனிந்து ஹெல்மெட்டில் கை வைத்தாள்.

"வைங்க" என்றாள் லிஃப்ட்காரம்மா. "வெச்சவரு வந்து எடுத்துக்குவாரு."

டார்ச் கையை எடுத்துக்கொண்டாள்.